சைரன் அக்கா

நேரில் அக்கா என்று கூப்பிட்டவர்களும் முதுகுக்குப் பின்னால் அவளைச் சைரன் என்றுதான் சொன்னார்கள். அது அவள் காதுக்கு வராமல் இல்லை. பெரிய மருத்துவமனையின் தொலைபேசி போர்டில் உட்கார்ந்து, பகலெல்லாம் குரல்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் பார்வை போனது. அடுத்த வருடம் புருஷன் போனான், இன்னொருத்தியோடு. அழுது முடித்தாள். கோல் பிடித்து நடக்கக் கற்றாள். முதல் மாடியில் தனியாகக் குடிவந்தாள். யார் கையையும் பிடிக்காமல் வேலைக்குப் போய் வருவதில் அவளுக்கு ஒரு திமிரே இருந்தது. கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதை முழுக்க மனப்பாடம்.

அதில் மண்ணைப் போட்டவை வாடகை மின்சார சைக்கிள்கள். போனில் ஆப்பைத் தட்டினால் பூட்டு திறக்கும். இறங்கிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போகலாம். அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், சுவரோரம், மரத்தடி, கேட்டு வாசல் என்று பார்க்காமல். ஒரு மழைக்காலக் காலையில், குறுக்கே கிடந்த ஒன்றில் கால் சிக்கி முகம் குப்புற விழுந்தாள். முன்பல் இரண்டு உடைந்தது. மணிக்கட்டு முறிந்தது. கம்பெனிக்குப் போன் போட்டால், ஒரு பெண் எழுதி வைத்ததை இழுத்து இழுத்துப் படித்து, பொறுமைக்கு நன்றி சொன்னாள்.

பொறுமை அவளிடம் இல்லை. கட்டு பிரித்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பூட்டிய சைக்கிளை அசைத்தால் அலாரம் அலறும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கோலில் தட்டுப்பட்டதையெல்லாம் பின்பக்கம் தூக்கி உலுக்கினாள். தெருவே அலறியது. ஜன்னல்களிலிருந்து வசவு விழுந்தது. குழந்தை தூங்குகிறது என்று ஒருத்தி கெஞ்சியபோதும் அடுத்த வண்டியை உலுக்கிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அவளிடம் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தவள் கீழ்வீட்டுக்காரி ஒருத்திதான். பேக்கரியில் மாவு பிசைகிறவள். புதுத்துணியின் நிறத்தைச் சொல்லுவாள். பதிலுக்கு இவள் அவளுக்கு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவாள். அவளும் அந்த சைக்கிளில்தான் வேலைக்குப் போனாள் என்பது இவளுக்குத் தெரியாது.

நகராட்சிக் கூட்டத்தில்தான் தெரிந்தது. வாடகை சைக்கிளுக்குச் சட்டதிட்டம் போடுவதற்குமுன் ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டும் என்று கூட்டியிருந்தார்கள். உடைந்த பல்லைக் காட்டி, சைக்கிளையெல்லாம் ஊரைவிட்டே எடுக்கச் சொல்லி இவள் பேசினாள். கம்பெனிக்காரன் வருத்தம் தெரிவித்தான். அதற்குப் பிறகு எழுந்தது கீழ்வீட்டுக்காரியின் குரல்.

"அக்கா விழுந்தது பெரிய கொடுமைதான். ஆனா விடியறதுக்கு முன்னாடி எனக்கு பஸ் கிடையாது. ஒரேடியா எடுத்துட்டா நான் எப்படி வேலைக்குப் போறது?"

"எப்படியோ போ" என்றாள் இவள். மைக் அணைக்கப்படாமல் இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

சட்டம் வந்தது. கோடு போட்ட இடத்தில் மட்டும்தான் நிறுத்த வேண்டும். வேறெங்கே விட்டாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், வண்டியை நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போய்விடும். கோடுகள் ஊரெங்கும் விழுந்தன, இவர்கள் தெருவில் மட்டும் விழவில்லை. பக்கத்தில் என்றால் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். நடைபாதை காலியானது. இவள் கோலை வீசி நடந்தாள்.

குளிர் தொடங்கிய சமயம் கீழ்வீட்டுக்காரி மேலே வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை. இருட்டோடு சைக்கிள் எடுக்கப் போனவளைப் பாலத்தடியில் எவனோ இழுத்துத் தள்ளிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். மாவு பிசையும் வேலையை விட்டுவிட்டு, பகலில் கல்லாப் பக்கம் நிற்கிறாளாம்.

"இப்ப நிம்மதியா?"

"நானா உன்னைத் தள்ளுனேன்?"

"நம்ம தெருவுல ஏன் கோடு போடலன்னு தெரியுமா? மூணாம் மாடி பல் டாக்டர் போய் எழுதிக் கொடுத்திருக்காரு. பார்வையில்லாத அம்மா இருக்காங்க, பாவம், இங்க சைக்கிளே வேண்டாம்னு. கோடு போட இருந்தது ரோட்டோரம் அவர் கார் நிறுத்துற இடத்துல."

கீழ்வீட்டுக்காரி படியிறங்கிப் போன பிறகும் இவள் கதவைச் சாத்தாமல் நின்றாள். கூட்டம் முடிந்த பிறகு, உடைந்த பல்லுக்கு அந்த டாக்டரிடம்தான் பல் கட்டியிருந்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் அனுதாபத்தையெல்லாம் கேட்டிருந்தாள். பாவம் என்ற சொல் அவளை விழுந்த நாளைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாளே லீவு போட்டு நகராட்சிக்குப் போனாள். தன் பேரைச் சொல்லி எவனும் கார் நிறுத்த வேண்டாம் என்றாள். சைக்கிள் நடைபாதையில்தான் ஆகாது, ரோட்டில் நின்றால் தனக்கென்ன வந்தது என்று கேட்டாள். பொறியாளர் அப்புறம் வரச் சொன்னார். வந்தாள். மறுபடியும் வரச் சொன்னார். மறுபடியும் வந்து, அவர் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெயில் காலத்தில் டாக்டரின் கார் நின்ற இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.

டாக்டர் படிக்கட்டில் வழிமறித்தார். "கண்ணில்லாதவங்களுக்கு இவ்வளவு கெட்ட எண்ணம் ஆகாதும்மா."

"கண்ணு இருக்கறவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்று சொல்லி, கோலால் அவர் செருப்பைத் தள்ளிவிட்டு ஏறினாள்.

கீழ்வீட்டுக்காரிக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. இவள் காலையில் மட்டும் லீவு எடுத்திருந்த ஒரு மத்தியானம் கேட்டருகே இருவரும் எதிர்ப்பட்டார்கள். அவள் சைக்கிளைக் கோட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வந்தாள். மேலெல்லாம் ஈஸ்ட் வாசனை.

"எனக்காகவா போய்க் கேட்டீங்க?"

இவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. அப்ப நன்றின்னு ஒண்ணு சொல்ல வேண்டியதில்ல."

கீழ்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இவள் கேட்டைத் தாண்டி நடைபாதையில் இறங்கி, யாரையும் எதையும் தொடாமல், பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.