நூற்றுப் பதின்மூன்றாவது பறவை

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. அந்த அறையில் தம்பி இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறான். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஒரு நாளைக்கு எழுபது பேரிடமாவது சொல்லிவிடுவான். இடுப்பு உடைந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்தே அவன் இடுப்பு பாதி போய்விட்டது. எடுத்த படத்தைப் பார்த்து எழுதும் அறிக்கையில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். எடுத்தவன் பெயர் எங்கேயும் வராது. அதை அவன் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அக்காதான் நினைத்தாள்.

அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவள் வைத்த பட்டனில் நூல் தொங்கி யாரும் பார்த்ததில்லை. ஒரு சட்டையின் இரண்டு பைகளும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் பிரித்துத் தைத்த பிறகுதான் சாப்பிடுவாள். அவள் புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். "உங்க அக்கா என்னையே ஒரு தடவை பிரிச்சுத் தைக்கலாமான்னு பாக்குறா மச்சான்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பார்.

தம்பிக்கு லீவு கிடைத்தால் குளம் குட்டை பக்கம் போய்விடுவான். பழையதாக வாங்கிய லென்ஸ் ஒன்று, கைக்குழந்தை கனம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் வருவான். பெரும்பாலும் வெறுங்கையோடு வருவான். போகும்போது இருக்கிற அலுப்பு வரும்போது முகத்தில் இருக்காது. அதனால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருஷம் குடும்பத்தோடு நான்கு நாள் ஏரிக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் விடியலில், ஏரியின் வடக்கு மூலையில், சேற்றில் நின்ற ஒரு பறவையைத் தம்பி படமெடுத்தான். நீண்ட அலகு, சிவந்த கால்கள். அது சிவப்புக்கால் உள்ளான். அந்த ஏரியில் அதற்கு முன் யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. ஏரி அலுவலக வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. அதுவரை நூற்றுப் பன்னிரண்டு பறவைகளின் பெயர்கள் அதில் இருந்தன. அலுவலகத்து அம்மா படத்தை வாங்கிப் பார்த்து, பதிவேட்டில் ஏற்றி, பலகையில் ஒரு வரி சேர்த்தார். நூற்றுப் பதின்மூன்று, சிவப்புக்கால் உள்ளான், அதற்கு நேராகப் பார்த்தவர் பெயர். படத்தின் ஒரு பிரதியையும் பக்கத்திலேயே ஒட்டி வைத்தார்.

அக்கா ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் தையல் கடையில் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். மட்டம் பார்க்க இஞ்சு டேப்பால் மூன்று தடவை அளந்தாள். அளவு கொடுக்க வருகிற யாரும் அந்தப் பறவையின் கதையைக் கேட்காமல் வெளியே போனதில்லை.

இந்த வருஷம் ஏரிக்கு வந்து இறங்கியபோது நான்கு பேரும் துவண்டு போயிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற பருவம் முடிந்து அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. தம்பி மனைவி ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை முடித்த கையோடு வண்டி ஏறியவள். வாடகை வீட்டின் கட்டிலைக் கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். அக்கா புருஷன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துவிட்டு, வருஷம் முழுக்கத் தண்ணியோடு கிடக்கிறவனை லீவுக்கும் தண்ணிக்கே கூட்டி வந்திருக்கிறீர்களே என்று சொல்லி அவரும் சாய்ந்துகொண்டார்.

அக்கா மட்டும் பையைப் பிரிக்காமல் பலகையைப் பார்க்கப் போனாள்.

பலகைக்குக் கீழே மடக்கு ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர், முழங்காலில் கட்டு. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு ரயில் மாறி வந்து மூன்று நாளாக இங்கே இருக்கிறாராம். யாரோ கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, இந்த நூற்றுப் பதின்மூன்றைப் பார்க்கத்தான். அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்தது என் தம்பிதான் என்றாள். பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் உட்காரவில்லை. படம் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது, விடியல் வெளிச்சத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அவர் வந்த கதையைக் கேட்டதும் தம்பிக்குப் படுக்க மனம் வரவில்லை. மறுநாள் விடியலில் அவரையும் அழைத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனான். புதிய சாலைக்காக மேட்டை வெட்டிய இடம் அது. போன வருஷத்திலிருந்தே மழைக்கெல்லாம் செம்மண் கரைந்து வந்து அந்த மூலையில் சேறாகப் படிகிறது. பெரியவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு அவன் சேற்றில் இறங்கி மூன்று மணி நேரம் தேடினான். கிடைக்கவில்லை. திரும்பி வந்தவன் பேன்ட்டைக் கழற்றி வாளி ஓரம் போட்டுவிட்டு, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் கட்டிலில் விழுந்தான்.

அந்தப் பேன்ட்டை அலசப் போனவள்தான் அக்கா.

தண்ணீரில் முக்குவதற்கு முன் கறை எதுவரை என்று பார்ப்பது அவள் பழக்கம். முழங்காலுக்குச் சற்றுக் கீழேவரை செம்மண் ஏறியிருந்தது. அதற்குமேல் துணியின் நிறம். இரண்டுக்கும் நடுவே, சாயத்தில் முக்கி எடுத்ததுபோல ஒரே நேர்கோடு. அக்கா அதைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். இந்தக் கோட்டை இதற்கு முன் எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று பட்டது. எங்கே என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. ஒரு வருஷமாக மெஷினில் இருந்து தலை நிமிரும்போதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்த கோடு அது.

பறவையின் வயிற்றுக்குக் கீழே, கால் தொடங்குகிற இடத்தில், கொஞ்சம் வேறு நிறம் இருக்கும். பச்சையும் சாம்பலும் கலந்த மாதிரி. நிழல் என்று நினைத்திருந்தாள். நிழலென்றால் சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். இது கோடு கிழித்ததுபோல இருந்தது.

பேன்ட்டை அலசினாள். இரண்டு தண்ணீரில் கறை போய்விட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொடியில் காயப்போட்டு, கால்களை இழுத்துக்கொண்டு மறுபடியும் பலகைக்குப் போனாள். ஒட்டியிருந்த படத்துக்கு மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். இரண்டு கால்களிலும் கோடு ஒரே மட்டத்தில் இருந்தது.

பெரியவர் அங்கேயேதான் இருந்தார். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்து பாக்கறேம்மா. வீட்டுக்குப் போனாலும் சும்மாதானே உக்காந்திருக்கப் போறேன்."

அக்கா திரும்பி நடந்தாள். வீடு நூறடி தூரம்தான். வந்து சேர அவளுக்கு வெகுநேரம் ஆனது. தம்பி குப்புறப் படுத்திருந்தான். தோளைத் தொட்டாள்.

"எழுந்திருடா. ஒண்ணு கேக்கணும்."

"பத்து நிமிஷம்க்கா."

"அந்தப் பறவைக்கு உண்மையிலேயே கால் சிவப்பா, இல்ல உன் பேன்ட் மாதிரியா?"

அவன் கண்ணைத் திறந்தான். கொடியில் தொங்கிய பேன்ட்டைப் பார்த்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்து விரலால் பெரிதாக்கினான். கால், பிறகு அலகு, மறுபடியும் கால். சிவப்புக்கால் உள்ளானுக்கு அலகின் அடியும் சிவப்பு. இதில் அலகு பாதி சேற்றுக்குள் இருந்தது, வெளியே தெரிந்த பாதியிலும் சேறு. தம்பி மனைவி எழுந்து வந்து, என்னவென்று கேட்டு, அவளும் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"பச்சைக்கால் உள்ளான்க்கா. எல்லாக் குளத்துலயும் நிக்கும். சேத்துல இறங்கி ஏறியிருக்கு."

பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். சிவப்புக்கால் உள்ளான் பறந்தால் இறக்கையின் பின்னோரம் வெள்ளையாகத் தெரியுமாம். பச்சைக்கால் உள்ளானுக்கு அது கிடையாது. அன்றைக்கு அந்தப் பறவை அவன் கண்ணெதிரேதான் எழுந்து பறந்தது. அந்த நேரத்தில் அவன் குனிந்து, படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது தண்ணீர்தான் இருந்தது.

"ஒரு கை எலும்புன்னாக்கூட நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, ரெண்டு படம் எடுக்காம விடமாட்டேன். இதுக்கு ஒண்ணே ஒண்ணை வச்சு எழுதிக் குடுத்துட்டேன்."

அக்கா புருஷனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. பறவைக்கே தெரியாது அதற்கு என்ன பெயரென்று, நீங்கள் ஏன் மாய்ந்து போகிறீர்கள் என்றார். யாரும் சிரிக்காததால் அவரே போய் நான்கு பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தார்.

டீயைக் குடித்துவிட்டுத் தம்பி முதலில் பெரியவரிடம் போனான். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். அவர் படத்தை வாங்கிப் பார்த்து, "நானும் போன மாசம் பூரா இந்தப் படத்தைத்தான் வச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கும் படலையே" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. அவர் ஸ்டூலை மடக்கினார். ரயில் நாளன்றைக்குத்தான் என்று நினைவு வந்ததுபோல மறுபடியும் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

அலுவலகத்து அம்மாவுக்கு இது ஒரு தொந்தரவு.

"இருந்துட்டுப் போகட்டும் சார். சேக்கறதுக்குத்தான் எங்ககிட்ட ஃபாரம் இருக்கு, எடுக்கறதுக்கு ஃபாரம் கிடையாது."

தம்பி வெள்ளைத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கினான். இன்ன நாளில் நான் பதிந்த பறவை சிவப்புக்கால் உள்ளான் அல்ல, செம்மண் படிந்த பச்சைக்கால் உள்ளான், என் பதிவை நீக்கவும் என்று எழுதினான். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அடுத்தபடி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டியது அவனிடம்தான் என்று தோன்றும்.

அலுவலகத்து அம்மா அந்தத் தாளைப் பதிவேட்டில் செருகி, ஒட்டியிருந்த படத்தை உரித்துவிட்டு, பலகையில் அந்த வரியை மறைக்க ஒரு துண்டுத் தாளை வெட்டினார். ஒரு முனை அகலம், ஒரு முனை ஒடுக்கம். ஒட்டினால் ஏதோ அவசரத்தில் தப்பை மூடிய மாதிரி இருக்கும். அக்கா அவர் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

வரியின் நீளத்தை விரலால் அளந்தாள். தாளை மடித்துக் கோடு ஏற்றி, ஒரே இழுப்பில் வெட்டினாள். பசையை ஓரம்வரை தடவி, எண்ணில் தொடங்கி, பறவையின் பெயரைத் தாண்டி, தம்பியின் பெயரின் கடைசி எழுத்துவரை சுருக்கம் விழாமல் நீவி ஒட்டினாள். ஈரத் தாளில் அந்தப் பெயர் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. காய்ந்ததும் தெரியவில்லை.

"கோணலா ஒட்டினா என்னக்கா, மறைக்கத்தானே" என்றான் தம்பி பெஞ்சிலிருந்து.

"உன் பேருடா அது" என்றாள்.

அப்புறம் இருந்த நாட்களில் அவன் கேமராவை வெளியே எடுக்கவில்லை. பெரியவரோடு கரையில் உட்கார்ந்து வெறுமனே பார்த்தான். பாதி நேரம் இருவரும் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள் என்று தம்பி மனைவி வந்து சொன்னாள்.

கடைச்சுவரிலிருந்து அக்கா படத்தை எடுக்கவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், தலை நிமிராமல் சொல்கிறாள். என் தம்பி எடுத்தது. பச்சைக்கால் உள்ளான், காலில் இருக்கிறது செம்மண். கோடு தெரிகிறதா பாருங்கள். சிலர் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள். சிலர், சட்டை வியாழக்கிழமை ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள்.