பெயர் சொல்லாமல் கொடுத்தவர்கள்

வடக்குப்பட்டுக்காரரான பகலவன், ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர். கேன்டீனில் சாம்பார் போதவில்லை என்றால்கூட, இருப்பதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

அவருடைய மகள் தென்றலுக்கு ஐந்து வயது. ஓடி விளையாடும்போது பாதியில் நின்று குந்திக்கொள்வாள். உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும். சற்று நேரத்தில் எழுந்து மறுபடியும் ஓடுவாள். கறுத்த உடம்பு, சோனிக் குழந்தை, அதனால்தான் என்று பகலவனும் மனைவி ஜாஸ்மினும் நினைத்திருந்தார்கள். பள்ளியில் மயங்கி விழுந்தபோதுதான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல், ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். செலவில் ஒரு பகுதியைத்தான் காப்பீட்டு அட்டை தாங்கும் என்றார்கள். ஜாஸ்மின் தன் சங்கிலியை விற்ற பிறகும் மீதித் தொகை அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

அதே கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்யும் பாண்டிச்செல்வி விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தாள். விருதுநகர் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் தோழிகளோடு வாடகை அறையில் இருப்பவள். நெட்டில் வீடியோ போட்டு நன்கொடை திரட்டலாம் என்றாள்.

பகலவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அழுவுற கொயந்தய படம் புடிச்சு, ஊரு பூரா கையேந்த சொல்றியா? என்னால ஆவாதும்மா."

"அழுகவே வேண்டாம்ண்ணே. புள்ள எப்பிடி இருக்காளோ அப்பிடியே எடுப்போம்."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஜாஸ்மின் எழுந்து வந்தாள். "நீ கேக்காட்டி போ, நான் கேக்குறேன். நீ வெக்கம் பாத்துகினு குந்தினு இருந்தா, நமக்கு கொயந்த இருக்காதுய்யா."

பகலவன் எழுந்துபோய் மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்துவந்து பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி தன் போனில் படம் எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தென்றல் ஓடிப் பிடித்து விளையாடுகிறாள். நடுவில் குந்திக்கொள்கிறாள். மூச்சு வாங்க வாங்க ஒரு கையை உயர்த்தி, "இருங்கடா, மூச்சு வந்ததும் வந்துர்றேன். அதுக்குள்ள யாரும் ஜெயிச்சிடாதீங்க," என்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. பணம் நேராக மருத்துவமனைக்கே போகும்படி ஏற்பாடு.

ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்புகளில் அது பரவியது. கம்பெனி பஸ்களில், பெண்கள் விடுதிகளில், பார்த்தவர்கள் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். முதலில் தெரிந்த பெயர்கள் வந்தன. பிறகு வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆசிரியை, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த இளைஞர்கள், எந்த ஊர் என்றே தெரியாத யார் யாரோ. 'என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது. அப்போது எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் பெயரே சொல்லவில்லை. பகலவன் போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். பட்டியல் முடியவில்லை.

"யாரும்மா இவங்கல்லாம்?" என்று கேட்டார். ஜாஸ்மினுக்கும் தெரியவில்லை.

தேவையான தொகை சேர்ந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் விளக்கினார். "கொஞ்ச நேரம் இதயத்த நிறுத்தி வெச்சுட்டுத்தான் தைப்போம். அதுவரைக்கும் அதோட வேலைய ஒரு மெஷின் பாத்துக்கும்."

"நின்னது மறுபடி ஓடுமா சார்?"

"ஓட வெப்போம்."

ஓட வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் தென்றல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் போர்வையை மெல்ல விலக்கி மகளின் கையைப் பார்த்தாள். நகங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. "யோவ், இங்க வந்து பாரு. இது நம்ம கொயந்த கையாய்யா?" பகலவன் கிட்டே வந்தார். தொடப் பயந்து கைகூப்பினார். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் தேறி வீட்டுக்கு வந்தபின் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், டீக்கடையை மொய்த்தார்கள். முதுகுப் பையால் இடித்துவிட்டுப் போன ஒரு வடநாட்டுப் பையன், "சாரி பையா," என்றான், அவன் மொழியில் அண்ணா என்று. வழக்கமாகச் சிடுசிடுப்பவர், ஒதுங்கி வழிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். இவனாக இருக்குமோ? பஜ்ஜி வாங்கிப் பங்கு போட்டுத் தின்னும் அந்தப் பெண்களோ? யாராகவும் இருக்கலாம் என்று தோன்றியதும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வீட்டுக்கு வர வெகு நேரமாகிவிட்டது. ஏன் என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"பஸ்ஸ வுட்டுட்டேன்," என்றார். "போறவங்க வர்றவங்கள பாத்துகினே நின்னுட்டேன்."