பூநகரியில் கீறிய சுற்றுப்படம்

சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பாட வைத்தவன் நான். தண்ணீர்ப் பம்பு எஞ்சினில் மின்சாரம் எடுத்துக் போரில் கரண்ட் இல்லாத கிளிநொச்சியில் ஊருக்கே சினிமாப் படம் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, பூநகரி வாத்தியார் ஒருவர் எண்பதுகளில் தானே கட்டிய சின்னக் கணினி, பழுதாகி என் கைக்கு வந்தது, மட்டும் மசியவில்லை.

போர்நிறுத்த காலத்தில், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டும் அதன் சுற்றுப்படத்தைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். படம் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது.

“கழட்ட விடமாட்டன். இருந்து பாத்துக் கீறுங்கோ,” என்றார் அவர் மனைவி.

நான் தாளில் கீறி முடித்ததும் வந்து பார்த்தார். “இவரின்ர பேரை விட்டிட்டியள்.”

“பேர் போட்டால் கரண்ட் ஓடுமோ, அக்கா?”

“ஓடாது. இவர் இருந்தவர் எண்டு ஆக்களுக்குத் தெரியும்.”

 படத்தின் மேலே அவர் பெயரை எழுதினேன். வீடு திரும்பி அதைப் பார்த்துத் திருத்தியதும் கணினியும் வேலை செய்தது.

இன்று நான் கீறிய அந்தப் படத்தைப் பலர் பிரதி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். மேலே அவர் பெயர் இருக்கவேண்டும். கீழே, பார்த்துக் கீறியவன் என்று என் பெயரும் இருந்தே ஆகவேண்டும்.