குரங்குக்குப் போட்ட வலை

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் மயங்கி விழப் பார்த்தேன். சமைத்துக்கொண்டிருந்தது நான்தான் என்பதால், கறி வாசத்தில் மயங்கினேன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

காரணம் குரங்கு. இல்லை... குரங்கின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை.

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மேட்டில் எங்கள் வீடு. சமையல் காஸுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில் ஒரு விறகடுப்பு கட்டினோம். மேலே சிம்னி, பக்கத்தில் பெரிய ஜன்னல். காஸ் திரும்பி வந்த பிறகும் அடுப்பை விடவில்லை. விறகில் ஆக்கிய கறி மாதிரி வருமா என்று கேட்பவன் நான். ஆக்குபவள் என் மனைவி.

கண்டிக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜன்னல் திறந்திருந்தால் ஜன்னல் வழியாக வரும். மூடினால் கூரையில் ஏறும். ஒரு நாள், அடுப்பு அணைந்திருந்த நேரம், குட்டி ஒன்று சிம்னிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. அன்றே வேலையில் இறங்கினேன். ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். சிம்னியின் வாய்க்கு வலை கட்டினேன் — அதுவும் என்ன வலை? அறை ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய, கொசுகூட நுழையாத நுளம்புக் கம்பிவலை! குரங்கோடு நுளம்பும் வராது என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் பின்னேரச் சமையல் முடிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே புகை நிற்கிறது என்றாள். விறகு ஈரம் என்றேன். தலைவலிக்குப் போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னேன். கண்ணாடியும் மாற்றிப் பார்த்தோம்.

பிறகு தெல்தோட்டையில் அவளுடைய அக்கா வீட்டில் ஒரு விசேஷம். போய்ச் சில நாள் தங்கிவிட்டு, முகம் தெளிந்து வந்தாள்.

"அங்க இருந்த வரைக்கும் தலைவலியே இல்லைங்க."

இங்கே இருப்பது, அங்கே இல்லாதது எது? நிறைய யோசித்தேன். நான்!

மனசு நொந்துபோனது. உடனே திருந்த முடிவுசெய்து, பின்னேரச் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். பருப்பு கொதிப்பதற்குள் தலை இடித்தது, கண் இருட்டியது, கால் துவண்டது. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் உட்காரவைத்தாள்.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தேன். அடுப்பு எரிகிறது, ஆனால் சிம்னியில் புகையே இல்லை. எல்லாம் சமையலறைக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. காலையில் ஏணி வைத்து ஏறினால், வலையின் கண் ஒன்றுகூட மிச்சமில்லை. கரி பிடித்து, தார் பூசியதுபோல அடைந்திருந்தது.

டொக்டரிடம் போனோம். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிட, அதோடு சேர்ந்து நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு வரும், அதுதான் ஆளைக் கொல்லும் என்றார். பிறகு கேட்டார்: வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி இருந்ததா?

அவளைக் கைகாட்டினேன். ஒரு பின்னேரத்தை என்னால் முழுதாகத் தாங்க முடியவில்லை. அவள் வாரக்கணக்கில் அங்கே நின்றிருக்கிறாள்.

வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"குரங்குக்குப் பயந்து என்னையில்ல உள்ள வச்சு அடைச்சிருக்கீங்க."

இப்போது சிம்னியில் பெரிய கண் வைத்த கம்பிவலை. மாதாமாதம் கரி தட்டுவது என் வேலை. விறகு, நன்றாகக் காய்ந்த சவுக்கு மட்டும். தலைவலி அவளை விட்டுப் போய்விட்டது. பின்னேரச் சமையல் மட்டும் என்னை விடவில்லை... ஜன்னலை அகலத் திறந்து வைத்துத்தான் ஆக்குகிறேன்.

குரங்குகள் வருகின்றன. என் குழம்பை முகர்ந்து பார்க்கின்றன. ஒன்றையும் தொடாமல் போய்விடுகின்றன.