இரண்டு பிரேக் வைத்த கார்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு மகனோடும் மருமகளோடும் குடிவந்த அந்த அம்மையார், முன்பிருந்த நகரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அங்கே அவரைப் ‘பிரேக் அக்கா’ என்றே அழைத்தார்களாம். மகனுக்கு வேலை மாறியதால் குடும்பமே இடம்பெயர்ந்தது. இனி ஓய்வெடுக்கலாமே என்றான் மகன். வீட்டில் உட்கார்ந்தால் உங்கள் சமையலறையைத்தான் ஓட்டிப் பார்ப்பேன், சம்மதமா என்று கேட்டார் இவர். மருமகள் அக்கணமே மாமியார் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

இந்த நகரத்தில் பயிற்சி வண்டிக்கு வயது வரம்பு உண்டு. அவருடைய கார் அதைத் தாண்டிவிட்டது. ஆகவே அதை விற்று, வரம்புக்குள் அடங்கும் வேறொரு காரை வாங்கியாக வேண்டும். விற்பனையாளர் ஒருவர் அப்படிப்பட்ட கார் ஒன்றை மாத இறுதிவரை அவருக்காக நிறுத்திவைத்திருந்தார். பழைய கார் நியாயமான விலைக்குப் போனால் பயிற்சிப் பள்ளி. அடிமாட்டு விலைக்குப் போனால் மாடி வீட்டுச் சன்னலோரமே கதி.

முதலில் வந்தவர் ஒரு தரகர். வண்டியைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்த்தார். வெளியூர் நம்பர், அதிலும் பழகுநர் வண்டி, இரும்பு விலைதான் தேறும் என்றார். அம்மையார் பதறவில்லை. உதைத்துப் பார்த்து வாங்குவதற்கு இது பந்து அன்று என்று சொல்லி, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

மகனுக்குத்தான் கலக்கம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால்மாட்டில், கற்றுக்கொடுப்பவருக்கென்று ஒரு பிரேக் பெடல் இருந்தது. அது கண்ணில் பட்டால் எவரும் வாங்கமாட்டார் என்று, மெக்கானிக்கை வைத்து அதைக் கழற்றித் துளைகளை அடைத்து, மேலே புது மிதியடி விரித்துவிட்டான். அம்மையாருக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பினும், கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது என்ற உடன்படிக்கைக்கு வந்தார்.

அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். முன்பின் அறியாதவரோடு போவதால் துணைக்கு என்னையும் அழைத்தார் அம்மையார். நான் பின்னால் அமர்ந்தேன். கடைக்காரர் ஓட்ட, அம்மையார் பக்கத்தில் இருந்தார். சந்து முனையில் தண்ணீர்க் கேன் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. கடைக்காரர் பிரேக்கை அழுத்தச் சற்றுத் தாமதித்தார். முன்னால் ‘தொம்’ என்று ஓர் ஓசை. அம்மையாரின் கால் வெறும் மிதியடியை ஓங்கி மிதித்திருந்தது! சிக்னலில் மறுபடியும் தொம். பள்ளிக்கூட வளைவில் இன்னொரு தொம்.

கடைக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். "என்னம்மா, எறும்பு கடிக்குதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வண்டி அன்றே விலைபோயிருக்கும். அம்மையார் மிதியடியை விலக்கி, அடைத்த துளைகளைக் காட்டினார்.

"இல்லைங்க. இங்க ஒரு பிரேக் இருந்துச்சு. கழட்டிட்டோம். ஆனா காலு நம்பமாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். இதை மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்தீர்களோ என்று சாவியை நீட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தவறில்லை.

அன்று மாலை மூன்றாம் மாடியில் நடந்த விசாரணைக்கு நானும் அழைக்கப்பட்டேன். எல்லாவற்றையும் கேட்ட மருமகள், "அத்தைக்கு வாயாலயே பொய் சொல்ல வராது. கால்கிட்ட போய் எதிர்பார்த்தா எப்படி?" என்று கணவனைப் பார்த்தாள்.

பெடலை மறுபடியும் மாட்டச் சொன்னார் அம்மையார். இணையத்தில் மகன் போட்டிருந்த விற்பனை விளம்பரத்தையும் மாற்றச் சொன்னார்.

"மாசம் முடியப்போகுதும்மா. இப்பப் போய் ஊருக்கே தண்டோரா போடணுமா?" என்றான் மகன்.

"போட்டாத்தாண்டா வேணுங்கறவன் காதுல விழும்."

‘இரண்டு பிரேக் உள்ள கார். வீட்டில் யாராவது ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமா?’ என்று புதிய விளம்பரம் இணையத்தில் ஏறியது. இரண்டு நாள் தொலைபேசி வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், தச்சுப்பட்டறை நடத்தும் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவி மூன்று முறை பயிற்சியில் சேர்ந்து மூன்று முறையும் விட்டவர். ஒவ்வொரு முறையும் வீட்டு வண்டியில் பழகும்போது பக்கத்தில் கணவர் அமர்ந்து போட்ட கூச்சலே காரணம் என்பது அவருடைய வாதம்.

மனைவியை ஓட்டச் சொன்னார் அம்மையார். பட்டறைக்காரர் என்னோடு பின் இருக்கைக்குத் தள்ளப்பட்டு, வளைவுதோறும் பெருமூச்செறிந்தார். மேம்பால ஏற்றத்தில் நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மையார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஒருமுறை எஞ்சின் அணைந்தது. "அடிக்கட்டும் விடுங்க. ஹாரன் அவங்களோடது, ரோடு உங்களோடது" என்றார் அம்மையார். இரண்டாம் முறை, ஓரங்குலமும் பின்வாங்காமல் வண்டி மேலேறியது.

வீடு திரும்பியதும் பட்டறைக்காரர் பேரத்தைத் தொடங்கினார். நூறு பேர் பழகிய வண்டி என்றார். நூறு பேர் பழகியதால்தான் கிளட்ச்சை உரிய காலத்தில் மாற்றிவந்தேன், உங்கள் வண்டிக்குக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று அம்மையார் வினவினார். அவருக்கு நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அதற்குள் மனைவி குறுக்கிட்டார்.

"நீங்க பக்கத்துல உக்காந்து கத்துறதுக்கு ஒரு விலை போட்டுப் பாருங்க. இந்த வண்டி சும்மா வந்த மாதிரி."

அம்மையார் சொன்ன விலையில் ஒரு காசும் குறையவில்லை. பெயர்மாற்றத்திற்கான தாள்களில் அன்றே கையெழுத்தாயிற்று. மாத இறுதிக்குள் அம்மையார் அடுத்த காரை எடுத்துவிட்டார்.

சாவியைப் பெற்றுக்கொண்ட அன்றே, வாங்கிய வண்டியிலேயே தமக்குக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார் பட்டறைக்காரரின் மனைவி. இந்த நகரத்தில் அவரே முதல் மாணவி. சொந்த வண்டியில் பழகுவோருக்கு வயது வரம்பு இல்லை, பயிற்சிப் பள்ளிக்கான உரிமம் கைக்கு வந்ததும் தொடங்கலாம் என்றார் அம்மையார். வண்டி விலை வேறு, கட்டணம் வேறு என்பதையும் தெளிவாகச் சொன்னார். கட்டணத்தைத் தாமே செலுத்துவதாகப் பட்டறைக்காரர் பெருந்தன்மையோடு முன்வந்தார்.

"தாராளமா கட்டுங்க. ஆனா வகுப்புக்கு நீங்க வரக்கூடாது. பின்சீட்டுலகூட" என்றார் அம்மையார்.