மனுவில் நான்கு தயவு

எண்ணூரில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் சொல்கிறேன். அந்த ஞாயிறு நெகேமியாவின் கதை. ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர், இடிந்து கிடந்த தன் ஊரின் மதிலைக் கட்டப் போக வேண்டும் என்று அதே ராஜாவிடம் கேட்கிறார். தேவனுடைய தயவு தன்மேல் இருந்ததால் அவர் பயப்படவில்லை என்று சொன்னேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த சிறுமி வேதபுத்தகத்தில் விரலை வைத்து, "மிஸ், ரொம்ப பயந்தாருன்னு போட்டுகீதே," என்றாள்.

எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடமாக இந்தப் பாடத்தைத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். "பயந்தாருதான், ஆனா..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் பிள்ளைகளை ஜெபத்துக்கு எழுப்பிவிட்டேன்.

அந்த வாரம் என் மனம் எதிலும் நிற்கவில்லை. சில நாட்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் தெரு முழுக்க மூக்கை அறுக்கும் வாயு வாடை. என் மூன்று வயது மகளுக்கு இளைப்பு வந்து, உதடு நிறம் மாறி, ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மூச்சை மீட்டார்கள். விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் புதன்கிழமை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். படித்தவள் என்று தெருப் பெண்கள் மனு எழுதுவதையும் அங்கே வாசிப்பதையும் என்னிடம் விட்டார்கள்.

வாயு வந்தது எந்தத் தொழிற்சாலையிலிருந்து என்று தெருவுக்கே தெரியும். என் கணவர் அங்கேதான் ஒப்பந்த ஃபிட்டர். மாதாமாதம் காண்ட்ராக்டர் கேட் பாஸைப் புதுப்பித்தால்தான் உள்ளே போக முடியும்.

"எய்திக் குடு, வேணான்னு சொல்லல," என்றார் அவர், தூங்கும் மகளின் முதுகில் கை வைத்தபடி. "படிக்கிறத வேற யார்னா படிக்கட்டும். எம் பொண்டாட்டின்னு தெரிஞ்சா பாஸ் போட மாட்டான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. குழந்தையின் மருந்தும் அவர் சம்பளத்தில்தான். ஆனால் தெருப் பெண்களில் அங்கே நின்று வாசிக்க வேறு ஆள் இல்லை.

செவ்வாய் மதியம், மீன் விற்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனுவை வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, காது கூர்மை. பாதியில் நிறுத்தினார்.

"இன்னாமே, தயவு தயவுன்னு எத்தினி வாட்டி? கொயந்த மூச்சு உடறதுக்கு அவன் தயவு பண்ணணுமா?"

"ஆபீசருக்கு அப்படித்தான் எழுதணும்க்கா."

"தயவு நான் எங்க ஆத்தாகிட்ட கேக்கறேன், நீ உன் சாமிகிட்ட கேளு. இவன்கிட்ட இன்னாத்துக்கு?"

எண்ணிப் பார்த்தேன். நான்கு இடம். மலையில் தேவனிடம் தயவு கேட்டு மன்றாடிய மோசே, பார்வோனிடம் ஜனங்களை விடு என்றுதான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டே நான்கையும் அடித்தேன். உடனே சந்தேகம் வந்தது. நெகேமியா ராஜாவிடமே தயவு கேட்டாரே, நான் திமிராக எழுதுகிறேனோ. கடைசி வரியில் ஒன்றை மட்டும் திரும்ப எழுதினேன்.

புதன் காலை பயம் போக வேண்டும் என்று ஜெபித்தேன். போகவில்லை. வகுப்பறைக்குள் நுழைந்தபோது காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவருக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா என்று அந்தப் புன்னகையில் கண்டுபிடிக்க முடியவில்லை. மனுவைப் பிரித்தேன். வாசித்து முடித்தேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "உங்க குழந்தைக்குத்தான் ஆச்சா? வீட்டுக்காரர் எங்க வேலை?"

காட்டுப்பள்ளி துறைமுகம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. கதவோரம் இருந்தவர் போனை எடுத்தார். நெகேமியா மிகவும் பயந்து, அதற்குப் பிறகு பேசினார் என்பதுதான் அப்போது எனக்கு நினைவில் வந்தது. பயம் போன பிறகு அல்ல. தயவு என்றால் தைரியமான ஒரு உணர்வு உள்ளே வந்து உட்காரும் என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை.

"அந்தக் கம்பெனியிலதான் சார். காண்ட்ராக்ட்ல."

பின்னாலிருந்து மீன்கார அக்கா, "இப்ப எய்து சார், நல்லா எய்து," என்றார். அதிகாரி எழுதினார்.

மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் போனதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏழே கால் மணிக்கு அவர் அழைப்பு வந்தது. "உள்ள உட்டான். மாசக் கடசிலதான் தெரியும்."

மாதக் கடைசியில் அந்த கேட்டுக்குப் பாஸ் போடவில்லை. தூரத்தில் இன்னொரு இடத்தில் வேலை கொடுத்தார்கள், இரண்டு பஸ். சம்பளம் அதேதான். இது தயவா, தண்டனையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. விசாரணை என்ன ஆயிற்று என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த வாடை மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

வேலை இடம் மாறியது தெரிந்த அன்று இரவு சாப்பிடும்போது அவர் கேட்டார். "வேற எடம்னு ஒரு பொய் சொல்லிருக்கலாம் இல்ல?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன்."

"அப்பறம்?"

"வரலைங்க."

அவர் மகள் பக்கம் குனிந்து அவள் மூச்சைக் கேட்டார்.

"நாளைக்கு அஞ்சரைக்கே எய்ப்பி உடு," என்றார்.