கப்பல் தலைவன் மகளின் குரல்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவன் வீடியோ கேம் விளையாடுவது மலேசியாவில் எங்கள் ஊரான பாயா ரும்புட்டில் இப்போது யாருக்கும் வேடிக்கையில்லை. பிள்ளைகள் வீட்டில் விட்டுப்போன கேம் பெட்டியில் தொடங்கினேன். அதிலிருந்த ஒரு கப்பல் தலைவனின் கதையை ஒரு பாகம் விடாமல் முடித்திருக்கிறேன். மலாக்காவில் என்னைப் போன்ற ரசிகர்களுக்கு ஒரு குழு உண்டு. விளையாட்டின் ஆங்கில வசனங்களைத் தமிழில் பேசி, காட்சிகளோடு சேர்த்துக் குழுவில் போடுவோம்.

புதிய பாகத்தில் தலைவன் இல்லை. அவன் மகள் சுக்கான் பிடித்தாள். அதுவே பலருக்குப் பிடிக்கவில்லை. தமிழில் அவளுக்குக் குரல் கொடுத்தவர் அலோர் காஜாவில் அலுவலக வேலை பார்க்கும் பெண். வீட்டில் சத்தம் என்று காருக்குள் கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கோனையும் அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசுவார். புயல் காட்சியில் அவர் கத்தினார்: “டேய், கயித்த விடாத லா! செத்துருவோம்டா!”

இது நாயகியின் பேச்சா, பாசாரில் மீன் விற்பவளின் பேச்சா என்று குழுவில் எழுதினேன். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தமிழ்தான் நாயகிக்குத் தகும் என்று எனக்கு நினைப்பு. என் பழைய மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். “சார் சொல்றது கரெக்ட்டு லா.” அந்தப் பெண் தன் பதிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு விலகினார்.

அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். அதே புயல். “தோழர்களே, கயிற்றை விட்டுவிடாதீர்கள்! நாம் இறந்துவிடுவோம்!”

பரிசளிப்பு விழா அறிவிப்பு போலிருந்தது. யாரும் சாகப்போவதாகத் தோன்றவில்லை. நான் வகுப்பில் கற்பித்த தமிழ்தான், ஆனால் பயம் வந்தால் நானே அப்படிப் பேசமாட்டேன். எங்கள் பேச்சு நாயகிக்கு ஆகாது என்று ஒரு நல்ல குரலை விரட்டியிருக்கிறேன்.

தவறு என்னுடையது என்று அதே குழுவில் எழுதினேன். பிறகு கிளேபாங்கில் ஒரு தேங்காய் ஷேக் கடையில் விலகிப்போன அந்தப் பெண்ணைச் சந்தித்தேன்.

“மன்னிச்சிரும்மா. நீ திரும்பப் பேசணும்.”

“நீங்க எழுதினத என் மாமியார் படிச்சிட்டாங்க, அங்கிள். ஆபீஸ் விட்டு வந்தா, இன்னிக்கு மீன் என்ன விலைன்னு கேக்கறாங்க.”

இன்னொரு ஷேக் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“பேசறேன். ஆனா இனிமே எவனாச்சும் கொற சொன்னா நீங்கதான் வந்து பதில் சொல்லணும். ஓகேயா?”

“ஓகேம்மா.”

அவர் மறுபடி பேசத் தொடங்கிவிட்டார். நேற்று ஒருவன் எழுதியிருந்தான்: “கேப்டன் மக எஸ்டேட் ஆளு மாதிரி பேசுது.” ஆமாம், அப்படித்தான் பேசுவாள் என்று பதில் போட்டேன். அவன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான். நானும் விடுவதாக இல்லை.